என் பெயர் ஒரு வினைச்சொல்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானத்திலிருந்து ஒரு படபடப்பு. இதை எழுதும்போதும் அடங்கவில்லை. பிரஷர் மாத்திரை போட்டுப் பார்த்தாச்சு, மோர் குடித்துப் பார்த்தாச்சு... ம்ஹூம்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே சொல்லுங்கள், இது தாங்கக்கூடியதா?

கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவர் புது வீடு கட்டியிருக்கிறார். பால் காய்ச்சுகிற அன்றைக்குக் கொடுக்கப் பாத்திரம் ஏதாவது வாங்கலாம் என்று தேனியில் பஸ் ஏறிப் போடிக்குப் போனேன். ஏன், தேனியில் பாத்திரக் கடையே இல்லையா? இருக்கிறது. ஆனால் போடி பஜாரில் என் தங்கை சாந்தியும் அவள் வீட்டுக்காரரும் சொந்தமாகக் கடை வைத்திருக்கும்போது, நான் வேறு கடையில் ஒரு டம்ளர் வாங்கினாலும் அது வருஷக்கணக்கில் பேச்சாகிவிடும்.

போனால் தங்கை இல்லை. பேங்க் வரைக்கும் போயிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கம்பத்துக்கு லோடு கொண்டு போயிருந்தார். கடையின் பழைய ஆள் சாப்பிடப் போயிருந்தார். அவர் மட்டும் அந்த நேரத்தில் கடையில் இருந்திருந்தால் நான் இன்றைக்குத் தக்காளித் தொக்கைப் பற்றி ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

கீழே இருந்தது ஈஸ்வரி மட்டும். நாற்பது வயது இருக்கும். தேவாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. என்னை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், முதலாளியம்மாவின் அக்கா என்று தெரியும். பெயர் தெரியாது.

"உக்காருங்கக்கா, இந்தா வந்துருவாக" என்று ஸ்டூலைப் போட்டாள். உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. புருஷன், பொண்டாட்டி, கைக்குழந்தை என்று ஒரு குடும்பம் உள்ளே வந்தது. "பெரிய குத்துவிளக்கு இருக்கா?" என்று கேட்டார்கள். ஈஸ்வரி மாடிப்படியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள்.

"மேகமலை!"

மாடியிலிருந்து ஒரு பெண் குரல்: "சரிக்கா!"

அப்புறம் ஒரே ஒரு விளக்கு இறங்கி வந்தது. அவர்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள், குழந்தையைப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்தார்கள், "அப்புறமா வர்றோம்" என்று போய்விட்டார்கள்.

எனக்குப் புரியவில்லை. "ஈஸ்வரி, மேகமலைன்னா என்ன?"

"அதுவாக்கா? மேகமலைக்குப் போறவுக என்ன செய்வாக? பாப்பாக, ஆஹான்னுவாக, போட்டா எடுப்பாக, எறங்கிப் போயிருவாக. அம்புட்டுத்தான்."

விஷயம் இதுதான். அண்டா, கொப்பரை, குத்துவிளக்கு எல்லாம் மாடியில். கேட்டவருக்கெல்லாம் இறக்கினால் மாடியில் இருக்கிற பெண்ணின் இடுப்பு போய்விடும். அதனால் வந்திருப்பது எப்படிப்பட்ட ஆள் என்று கீழேயிருந்து ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். அதுவும் வந்தவரை வைத்துக்கொண்டே! போடி பஜாரில் இப்படிக் கடைக்கு ஒரு பாஷை. ஜவுளிக் கடைக்காரர் பேசுவது பாத்திரக் கடைக்காரருக்குப் புரியாது. ஏலக்காய் வியாபாரிகள் பேசுவது யாருக்குமே புரியாது.

எனக்குக் குஷி தாங்கவில்லை. ஹேண்ட்பேக்கிலிருந்து நோட்டை எடுத்துவிட்டேன்.

"வேற என்னென்ன வச்சிருக்கீக? சொல்லு, சொல்லு."

ஈஸ்வரிக்கும் உற்சாகம். ஸ்டீல் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள்.

"ஓடைப்பட்டி" என்றால் நல்ல ஆள். அந்த ஊர்த் திராட்சையில் விதை இருக்காதில்லையா? இவரும் அப்படித்தான். கேள்வி கேட்க மாட்டார், பேரம் பேச மாட்டார், காட்டியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். "சுருளி" என்றால் சீசனுக்குத்தான் கொட்டும், மற்ற நாளெல்லாம் வெறும் பாறை. தீபாவளிக்கு மட்டும் வருகிற ஆட்கள். "ஜீப்பு" என்றால் ஒரே ஒரு இட்லிச் சட்டி வாங்கப் பன்னிரண்டு பேர் வருவது. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறுகிற ஜீப்பைப் பார்த்திருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு விளக்கினாலும் நம்ப மாட்டீர்கள்.

"செக்போஸ்ட்டுன்னியே, அது என்ன?"

"அது வீட்டுக்காரருதாங்க்கா. பொண்டாட்டி உள்ள வந்து ஒரு மணி நேரம் பாத்துப் பாத்து எடுத்து வச்சிருக்கும். அதுவரைக்கும் இவுக வெளிய பைக்குல உக்காந்து போனு பாப்பாக. பில்லுப் போடுறப்ப உள்ள வந்து, 'இது எதுக்கு? அது எதுக்கு?'ன்னு ஒவ்வொண்ணா எறக்கி வைப்பாக. குமுளி எல்லையில கூட அம்புட்டுச் சோதனை கெடையாது."

நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மடியில் விழுந்துவிட்டது. பேனா ஓடுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கான பத்தி தானாக வந்து மடியில் விழுந்திருக்கிறது, வேறென்ன வேண்டும்? வாங்க வந்தவருக்குப் புரியக் கூடாத வார்த்தைகளைத் தெரிந்துகொள்வதில் இருக்கிற சுகம் இருக்கிறதே... அடடா!

அப்போதுதான் ஈஸ்வரி என் நோட்டைப் பார்த்தாள்.

"என்னக்கா, எல்லாத்தையும் எழுதுறீக?"

"சும்மாதான்."

"பாத்துக்கா. இங்கன பேசுறது இங்கனயே இருக்கட்டும். வெளிய போயி திலகா பண்ணிறாதீக."

பேனா நின்றது.

புதிதாகப் படிக்கிறவர்கள் இந்தப் பத்தியின் தலையைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு சின்னப் படம், அதற்குக் கீழே ஒரு பெயர். திலகவதி. வீட்டில், தெருவில், சொந்தத்தில் எல்லோருக்கும் திலகா. அம்பத்தாறு வருஷமாக அது நான்தான். நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்ணிறக் கூடாது?"

"அதாங்க்கா, திலகா... ஒங்களுக்குத் தெரியாதா? இந்தக் கடையில எல்லாரும் சொல்லுவாகளே."

"தெரியாதே. அப்படின்னா என்ன?"

குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஈஸ்வரி தட்டைக் கீழே வைத்துவிட்டு, எல்கேஜி பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"இப்ப ஒருத்தவுக நம்மகிட்ட மனசு விட்டு ஒரு கஷ்டத்தச் சொல்றாகன்னு வைங்க. நாம கன்னத்துல கைய வச்சுக் கேக்குறோம். 'அய்யய்யோ, அப்புறம்?'னு கேக்குறோம். கண்ணுல தண்ணி கூட விடுறோம். அவுக நம்பி எல்லாத்தையும் கொட்டிட்டுப் போயிருவாக. மறுவாரம் நாம ஊருக்கே தமுக்கு அடிக்கிறோம், அதுவும் சிரிக்கச் சிரிக்க. அதாக்கா திலகா."

"அது... கோள் சொல்றதுதானே?"

"இல்லக்கா, இல்லக்கா! கோள் வேற. கோள் சொல்றவ கெட்டவ. திலகா அப்படி இல்ல. பாசமாத்தான் இருக்கும். கண்ணுல தண்ணி வரணும், அதுதான் முக்கியம். அது இல்லைன்னா வெறும் கோளுதான்."

நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுல அரைத்திலகா, முழுத்திலகான்னு ரெண்டு இருக்கு" என்றாள். நிறுத்த மாட்டேன் என்கிறாள்! "முழுத்திலகான்னா பேரோட சொல்றது. அரைத்திலகான்னா பேரச் சொல்ல மாட்டாக... ஆனா தெருவச் சொல்லிருவாக."

வாசகர்களே, இருபத்திரண்டு வருஷமாக நான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். ஒருநாளும் யார் பெயரையும் போட்டதில்லை என்று மேடை மேடையாகப் பெருமை அடித்திருக்கிறேன். 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்பேன். 'போடியில் பாத்திர வியாபாரம் செய்யும் என் உறவினர்' என்பேன். சுருளி அருவியில் தலையைக் காட்டிய ஒருவரின் பல்செட்டு தண்ணீரோடு போன கதையை எழுதினேனே, நினைவிருக்கிறதா? அவருக்கும் பெயர் போடவில்லை. ஆனால் அதற்கப்புறம் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் விளக்கைப் பார்க்காமல் என் தங்கை வீட்டுக்காரரின் வாயையே பார்த்தார்களாம். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லா எழுதியிருந்தீக மதினி" என்றுதான் சொன்னார். வாயை மூடிக்கொண்டு சொன்னார்.

தெருவைச் சொல்லிவிடுவது என்றால் இதுதான் போலிருக்கிறது.

"இந்த வார்த்தையை யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டேன். பழைய ஆளாக இருக்கும், பல்செட்டுக்காரராக இருக்கும் என்று நினைத்தேன்.

"முதலாளியம்மாதான். அவுக வச்ச பேரு" என்றாள் ஈஸ்வரி. முதலாளியம்மா என்றால் என் கூடப் பிறந்தவள். "இப்ப எங்க தேவாரத்துலயே சொல்றாகக்கா. நான் வீட்டுல சொல்லி, எங்க வீட்டுக்காரரு ஆட்டோ ஸ்டாண்டுல சொல்லி... போன வாரம் பஸ்ஸுல முன் சீட்டுல யாரோ ஒரு பிள்ள போன்ல பேசிட்டு வருது, 'ஏய், திலகா பண்ணிறாதடி'ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

எனக்கு வரவில்லை.

சரி, இதோடு விட்டிருக்கலாம் அல்லவா? எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு குத்துவிளக்கை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஈஸ்வரி விடவில்லை. ஓர் உதாரணம் சொன்னால்தான் எனக்கு நன்றாகப் புரியும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"இப்ப போன மாசம் முதலாளியம்மா மதுரையில ஆஸ்பத்திரியில அஞ்சு நாள் இருந்தாகள்ல? ஒங்களுக்குத் தெரியாததா? போறதுக்கு முன்னாடி எங்களை எல்லாம் கூப்ட்டு, 'யாரும் திலகா பண்ணக் கூடாது'ன்னு சொல்லிட்டுத்தான் போனாக. என்ன ஏதுன்னு எங்களுக்கே தெரியாது. ஒரு வார்த்தை வெளிய போகல பாருங்க."

மதுரையா? ஆஸ்பத்திரியா? அஞ்சு நாளா?

போன மாதம் சாந்தி எனக்குப் போன் பண்ணினாள். பழனிக்குப் போவதாகவும், சொந்தக்காரர் வீட்டில் தங்கி நாலைந்து நாள் இருந்துவிட்டு வருவதாகவும் சொன்னாள். "பஞ்சாமிர்தம் மறந்துறாத" என்றேன் நான். வந்ததும் கொடுத்து அனுப்பினாள். நானும் தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, இந்தத் தடவை பஞ்சாமிர்தம் கொஞ்சம் இளகல் என்று போனில் குறை வேறு சொன்னேன்! ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவள், எனக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காக எங்கேயோ ஆள் அனுப்பிப் பஞ்சாமிர்தம் வாங்கியிருக்கிறாள்.

நோட்டை மூடி ஹேண்ட்பேக்கில் போட்டேன். ஈஸ்வரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"என்னக்கா செய்யுது? மொகமெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சே?"

"ஈஸ்வரி... என் பேரு திலகவதி."

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஆத்தாடி! திலகான்னா ஆளா?" என்றாள். "நான் ஏதோ மேகமலை மாதிரி சும்மா வச்ச பேருன்னுல்ல நெனச்சேன்!"

இந்த நேரம் பார்த்துத் தங்கை வந்து கடைப்படி ஏறினாள். முன்னைக்கு இப்போது இளைத்துத்தான் இருந்தாள். பஞ்சாமிர்தத்தில் குறை கண்டுபிடித்தவள், இவளை ஒரு நடை வந்து பார்த்தேனா?

"வாக்கா, எப்ப வந்த?"

"ஏண்டி, மதுரை ஆஸ்பத்திரியில கெடந்தியா நீ?"

சாந்தி ஈஸ்வரியைப் பார்த்தாள். ஈஸ்வரி ஃபேனைப் பார்த்தாள்.

"உள்ள வா" என்றாள் தங்கை.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன கோடவுன். வைக்கோல் சுற்றிய பாத்திரங்கள், அட்டைப் பெட்டிகள். ஆளுக்கொரு பெட்டியில் உட்கார்ந்தோம். நான்தான் ஆரம்பித்தேன், ஆத்திரத்தோடுதான்.

"கூடப் பொறந்தவ நான் ஒருத்திதான். பக்கத்துல தேனியில இருக்கேன். பஸ் ஏறினா அரை மணி நேரம். எங்கிட்டச் சொல்லாம, ஆஸ்பத்திரியில போயி படுத்துட்டு வந்திருக்க!"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"ஓடி வந்திருப்பேன்."

"வந்திருப்ப. அஞ்சு நாளும் கூடவே இருந்திருப்ப. கஞ்சி வச்சுக் குடுத்திருப்ப. எனக்குத் தெரியும்க்கா. அப்புறம் அடுத்தடுத்த ரெண்டு ஞாயித்துக்கெழம எழுதியிருப்ப."

"நான் பேரு போட மாட்டேனே!"

"போடி பஜார்ல பாத்திரக் கடை வச்சிருக்குறவ, தேனியில அக்கா இருக்குறவ எத்தனை பேருக்கா இருக்காக?"

ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "நீ பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்ததை எழுதினேனே, அதைப் படிச்சுட்டு எத்தனை பொம்பளைக அழுது கடிதம் போட்டாக தெரியுமா? மூணு பேரு வீட்டுக்கே வந்து..."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன்.

பழைய வாசகர்களுக்கு அந்தப் பத்தி ஞாபகம் இருக்கும். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஒரு பெண் துணிப்பையோடு கிளம்பி வருகிறாள். எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியவில்லை. இரண்டு மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிப் போய்ச் சமைக்கிறாள். நான் எழுதியவற்றிலேயே நல்லது என்று நிறையப் பேர் சொன்ன பத்தி அது.

"அதை ஒனக்கு மட்டுந்தான் சொன்னேன்" என்றாள் சாந்தி. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும். "அவருக்குத் தெரியாது. நான் பால் வாங்கப் போயிட்டு வந்தேன்னுதான் நெனச்சிருந்தாரு. ஞாயித்துக்கெழம காலைல டீயைக் கையில வச்சுக்கிட்டு அதை வாசிச்சாரு. வாசிச்சு முடிச்சுட்டு டீயக் குடிக்காம வச்சுட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஆனா அன்னைலருந்து இன்னைக்கு வரைக்கும் நான் பையை எடுத்தா, 'எங்கன போற?'ன்னு கேக்குறாரு. காய் வாங்கப் போனாலும் கேக்குறாரு. ஒன் கடிதக்காரவுக அழுதுட்டுப் போயிட்டாக. நான் இங்கனதானக்கா இருக்கணும்?"

எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. அந்தப் பத்திக்குக் கிடைத்த கைதட்டலில் நான் எத்தனை நாள் மிதந்தேன்! இவள் வீட்டில் ஒரு டீ ஆறிப்போனது எனக்குத் தெரியவே தெரியாது.

(இந்த இடத்தில் ஒரு பாரா இருந்தது. தங்கை எடுக்கச் சொல்லிவிட்டாள். எடுத்துவிட்டேன்.)

"அப்பத்தான் அந்தப் பேரை வச்சியா?" என்று கேட்டேன்.

"கோவத்துல ஒரு தடவ வாயில வந்துச்சு. கடையில பிடிச்சுக்கிட்டாக" என்றவள், கொஞ்சம் தயங்கிவிட்டு, "தப்புத்தான்க்கா" என்றாள்.

தப்பா? தமிழுக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கிறது. இவ்வளவு கச்சிதமான அர்த்தத்தோடு நான் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தையாவது கண்டுபிடித்திருக்கிறேனா? ஒரே ஒரு வருத்தம்தான், அதற்கு வேறு யாருடைய பெயராவது வைத்திருக்கலாம்.

நீங்கள் சிரிக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவருடைய பெயர் இப்படி வார்த்தையாகித்தான் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு வராததற்கு ஒரு மாமா பெயர். கல்யாணப் பந்தியில் முந்துவதற்கு ஒரு சித்தப்பா பெயர். அந்த மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் அது தெரியாது. உங்கள் பெயர் எதற்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று என்றைக்காவது விசாரித்திருக்கிறீர்களா? விசாரிக்காதீர்கள். விசாரித்தவள் சொல்கிறேன்.

"சரி, இப்ப சொல்லு. ஒனக்கு என்ன?" என்றேன்.

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா எழுத மாட்டேன்டி."

"சத்தியம் பண்ணினதையும் சேத்து எழுதுவ."

எவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறாள்! அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதை என் வாழ்க்கையில் நான் அதிகம் சொன்னதில்லை. வெளியே ஈஸ்வரி யாருக்கோ குக்கர் மூடியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. போகட்டும், சொல்லாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவாவது விடுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன். அவள் கையைப் பிடித்தேன். கை சுடவில்லை, குளிரவும் இல்லை. மெலிந்திருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள்.

முக்கால் மணி நேரம் பேசினாள். நான் "அய்யய்யோ" சொல்லவில்லை. "அப்புறம்?" கேட்கவில்லை. கன்னத்தில் கை வைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. வேகமாகத் துடைத்துக்கொண்டேன், அதுவும் அந்த வார்த்தையின் அர்த்தத்தில் சேர்த்தி அல்லவா! அவள் அதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தாள். "அழுதுக்கக்கா, பரவால்ல" என்றாள்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். இன்றைக்கு நடந்ததை எழுதலாமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் வேண்டாம், தக்காளித் தொக்கு இருக்கிறது.

யோசித்தாள். "எழுது. ஆனா ஒன்னப் பத்தி எழுது. ஒரு தடவையாவது ஒன்னப் பத்தி மட்டும் எழுதிப் பாரு" என்றாள்.

எழுதியிருக்கிறேன். அவளுக்குப் போனில் முழுசாக வாசித்துக் காட்டிய பிறகுதான் அனுப்புகிறேன். பல்செட்டுக்காரரிடம், பல்செட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் சேர்த்து நேரில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மதினி" என்றார். இந்தத் தடவை வாயைத் திறந்து சிரித்தார். ஈஸ்வரியின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பெயர் ஈஸ்வரி இல்லை. ஊரும் தேவாரம் இல்லை. தெருவைச் சொல்லாமல் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் உங்கள் கடிதங்கள் வரும். 'தங்கைக்கு என்னம்மா? மதுரையில் எதற்காக அட்மிட் ஆனார்? இப்போது எப்படி இருக்கிறார்?' என்று அக்கறையோடு கேட்பீர்கள். ரொம்ப சந்தோஷம்.

ஆனால் அது, அவள் என்னிடம் சொன்னது.